எழுபத்தைந்துக்குப் பின் ஏந்திய தூரிகை
மோசஸ் பாட்டியின் வாழ்வும் கைவேலையும்

எமது சங்கம் நூறு ஆண்டுகளைக் காணும் இவ்வேளையில், தாமும் நூறு ஆண்டுகளைக் கண்டு வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி இம்மலரில் எழுதுவது பொருத்தமாகும் என எண்ணினோம். அவர் எமது நாட்டவர் அல்லர். எந்தக் கல்லூரியிலும் படித்தவரும் அல்லர். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துக் கமக்காரக் குடும்பம் ஒன்றிற் பிறந்து, கமக்காரப் பெண்ணாகவே வாழ்ந்து, எழுபத்தைந்து வயதைக் கடந்த பிறகு தூரிகையை முறையாகக் கையிலெடுத்தவர். உலகம் அவரை மோசஸ் பாட்டி என்று அழைத்தது. எங்கள் ஊரிலே பிறந்திருந்தால் ஆச்சி என்றிருப்போம்.

எம்மிற் பலர் இன்று இளைப்பாறியவர்கள். ஆசிரியைகளாகவும் தாதியராகவும் மருத்துவர்களாகவும் இலிகிதர்களாகவும் வீட்டுத் தலைவியராகவும் ஓயாது உழைத்தவர்கள். பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியே போய்விட்டார்கள். சிலர் துணையை இழந்து தனித்திருக்கிறோம். ஊரிலே பெரிய வீட்டைப் பூட்டித் திறந்துகொண்டிருப்போரும் உண்டு. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ பிள்ளைகளின் வீட்டு அறையொன்றில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்போரும் உண்டு. கடமைகள் முடிந்த பிறகு வரும் நீண்ட பொழுதை என்ன செய்வது என்ற கேள்வி எம் எல்லோருக்கும் பொதுவானது. அக்கேள்விக்கு மோசஸ் பாட்டியின் வாழ்விலே ஒரு விடை இருக்கிறது என்பதாலேயே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

அன்னா மேரி ரொபேர்ட்சன் 1860ஆம் ஆண்டு செப்ரெம்பர் 7ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் கிறீனிச் என்னும் இடத்திற் பிறந்தார். உடன்பிறந்தாருடன் சேர்த்துப் பத்துப் பிள்ளைகள். தந்தையார் கமக்காரர், பொழுதுபோக்காகப் படம் வரைவதில் நாட்டமுள்ளவர். பிள்ளைகள் கீறி விளையாடுவதற்கென்று வெறுந்தாள்களை வாங்கிக் கொடுப்பார். வர்ணத்துக்கு வழியில்லாத சிறுமி, பழச்சாற்றைத் தொட்டுத் தன் படங்களுக்குச் சிவப்பேற்றினாள். அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை.

அக்காலத்தில் கிராமப் பெண்பிள்ளைகளின் கல்வி பருவத்தைப் பொறுத்தது. பனிக்காலத்தில் போதிய கதகதப்பான உடை இல்லாமையால் சிறுமியர் பள்ளிக்குப் போவது குறைவு. அன்னா மேரியின் படிப்பும் அவ்வாறே துண்டு துண்டாக அமைந்தது. பன்னிரண்டாவது வயதில் அயலிலுள்ள வசதியான குடும்பத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். சமையல், தோய்த்தல், தையல், நோயாளர் பராமரிப்பு என்று பிறர் வீடுகளிலே சுமார் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. இன்று நாம் பெண் கல்வியின் நூறு ஆண்டுகளைக் கொண்டாடும்போது, பன்னிரண்டு வயதிலே பள்ளியை விட்டு அடுப்படிக்குப் போன அந்தச் சிறுமியையும் நினைத்துக்கொள்வது நல்லது. எமது பாட்டிமார் பலருடைய கதையும் அதுவே.

1887இல், தாம் வேலை செய்த பண்ணையிலேயே கூலிக்கு உழைத்த தோமஸ் சல்மன் மோசஸ் என்பவரை மணந்தார். புதுமணத் தம்பதியர் தெற்கே வட கரோலைனாவுக்கு வேலை தேடிப் புறப்பட்டு, வழியிலே வேர்ஜினியா மாநிலத்தின் ஸ்ரான்ரன் என்னும் ஊரிலே தங்கினர். இடம் பிடித்துப்போக, ஷெனன்டோவா பள்ளத்தாக்கிலேயே குத்தகைக்கு நிலமெடுத்துக் குடியேறினர். கணவரின் உழைப்பிலே மாத்திரம் வாழ அவர் விரும்பவில்லை. தமது சொந்தச் சேமிப்பிலே பசு வாங்கி, வெண்ணெய் கடைந்து விற்றார். பின்னர் உருளைக்கிழங்குப் பொரியல் செய்து விற்றார். அந்த மண்ணிலே பத்துக் குழந்தைகளைப் பெற்றார். ஐந்து குழந்தைகளையே வளர்த்தெடுக்கக் கொடுத்துவைத்தது. மற்றைய ஐவரையும் வேர்ஜினியா மண்ணிலே விட்டுவிட்டு, 1905இல் குடும்பம் நியூயோர்க் மாநிலத்துக்குத் திரும்பி, ஈகிள் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணையை வாங்கியது.

ஊசியும் நூலும்

அதன் பின்னும் இருபது ஆண்டுகள் மாடும் கோழியும் சமையலுமாகவே சென்றன. இடையில் 1918இல், வீட்டு வரவேற்பறைச் சுவருக்குக் கடதாசி ஒட்டிக்கொண்டிருந்தபோது, கணப்படுப்பின் வாயை மூடும் பலகைக்குக் கடதாசி போதாமற் போயிற்று. அதை வெறுமையாக விட மனமின்றி, கையிலிருந்த வர்ணத்தால் அதன் மேல் ஓர் இயற்கைக் காட்சியைத் தீட்டினார். அவர் தீட்டிய முதற் பெரிய படம் அதுவே. பிற்காலத்தில் அறிஞர்கள் அதைப் பற்றி எவ்வளவோ எழுதினார்கள். அன்று அது கடதாசி போதாமைக்கு ஒரு வீட்டுத் தலைவி கண்ட பரிகாரம், அவ்வளவுதான்.

1927இல் கணவர் காலமானார். இளைய மகன் பண்ணைப் பொறுப்பை ஏற்றான். சில ஆண்டுகளின் பின், அயல் மாநிலமான வேர்மொன்ரில் பென்னிங்ரன் நகரிலிருந்த மகள் அன்னா காசநோயால் அவதியுற்றாள். அறுபது வயதைத் தாண்டி எழுபதை எட்டிய தாய், மகளைப் பராமரிக்க அங்கு சென்றார். மகளோ, கம்பளி நூலால் தைக்கப்பட்ட ஒரு படத்தைக் காட்டி, இதைப் போல ஒன்றைச் செய்து தரும்படி தாயைக் கேட்டாள். தாயும் செய்தார். ஒன்றைச் செய்தவர் பின்னர் பலவற்றைச் செய்தார். மகள் இறந்த பிறகும் பேரப்பிள்ளைகளுக்காகச் சிறிது காலம் அங்கே தங்கியிருந்தார். அந்நாட்களிலும் நூலும் ஊசியும் கையை விட்டு நீங்கவில்லை. தைத்தவற்றை உறவினருக்கும் நண்பருக்கும் அன்பளிப்பாகக் கொடுத்துவந்தார்.

இந்த இடத்திலே நாம் சற்று நிற்க வேண்டும். மோசஸ் பாட்டியின் கலை ஓய்வான மனத்திலிருந்து பிறந்ததன்று. விதவையான ஒரு தாய், கண் முன்னே நோயுற்றிருக்கும் மகளின் படுக்கையருகே இருந்து தொடங்கிய கைவேலை அது. கைக்கு வேலை இருந்தால் மனம் சற்றே ஆறும் என்பதை எங்கள் தாய்மாரும் அறிந்திருந்தார்கள். கடுமையான நாட்களிலே பன்னப்பட்ட பாய்களும் பெட்டிகளும் பின்னப்பட்ட இலேசுகளும் எம்மிற் பலர் வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

ஊசியிலிருந்து தூரிகைக்கு

வயது எழுபத்தைந்தைக் கடந்தபோது மூட்டுவாதம் விரல்களைப் பிடித்தது. ஊசியைப் பிடிப்பதே நோவாயிற்று. தூரிகையைப் பிடிப்பது இலேசாக இருக்கும் என்று ஆலோசனை சொன்னவர் அவருடைய தங்கை செலெஸ்ரியா. ஒரு கை நொந்தால் மறு கையால் தீட்டினார். ஆக, உலகம் வியந்த ஓவிய வாழ்வுக்கு வழி திறந்தது ஒரு நோய்தான். முடியாமற் போனதை எண்ணிக் கவலைப்பட்டுக்கொண்டிராமல், முடிந்ததைத் தேடினார்.

அவர் வேலை செய்த முறையைப் பார்த்தால் ஒரு சிக்கனமான வீட்டுத் தலைவியையே காண்கிறோம். விலையுயர்ந்த ஓவியத் துணி இல்லை. வீடு கட்டப் பயன்படும் அழுத்திய மரப்பலகையே போதுமானதாயிற்று. முதலிலே சட்டத்தைத் தேடிக்கொள்வார். பிறகு அச்சட்டத்தின் அளவுக்கேற்பப் பலகையை அரிந்தெடுப்பார். பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி, அதன் மேல் மூன்று தடவை வெள்ளை வர்ணம் பூசி, காயவிடுவார். பிறகு மேலிருந்து கீழாகத் தீட்டுவார்: முதலில் வானம், அடுத்து மலைகள், பின்னர் குன்றுகளும் மரங்களும், அதன் பின் வீடுகளும் கால்நடைகளும், கடைசியாக மனிதர்கள். மனிதர்களின் உருவம் வரச் சிரமப்பட்டால், சஞ்சிகைகளிலிருந்து வெட்டிச் சேர்த்துவைத்த படங்களைப் பார்த்துப் படியெடுப்பார். பனி மினுமினுக்க வேண்டும் என்பதற்காக மினுக்குத் தூளையும் தூவுவார். அது கலைக்கு ஒவ்வாது என்று அறிந்தவர்கள் சொன்னபோதும், வெயிலிலே பனி மினுங்குவதைத் தாம் கண்ணாற் கண்டிருப்பதாகக் கூறி விட்டுக்கொடுக்கவில்லை.

வெளியே சென்று பார்த்து வரைந்தவர் அல்லர் அவர். எல்லாம் நினைவிலிருந்தே வந்தவை. மேப்பிள் மரத்துச் சாறெடுத்துப் பாகு காய்ச்சும் காட்சியைப் பல தடவை தீட்டினார். பனி இன்னும் உருகாத இளவேனில் தொடக்கத்தில் மரத்தைத் துளைத்து, வாளி கட்டிச் சாறு சேர்த்து, பெரிய கிடாரங்களில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். ஒரு லீற்றர் பாகுக்கு ஏறக்குறைய நாற்பது லீற்றர் சாறு வேண்டும். கொதிக்கும் பாகைப் பனியிலே ஊற்றினால் அது இறுகி மிட்டாயாகும். பிள்ளைகள் சூழ்ந்து நின்று தின்பார்கள். பதநீர் காய்ச்சும் அடுப்பைச் சுற்றி நின்று பனங்கட்டிக்குக் காத்திருந்த எவரும் அப்படத்தைப் பார்த்தவுடனே புரிந்துகொள்வர். சவர்க்காரம் காய்ச்சுதல், மெழுகுதிரி வார்த்தல், பெண்கள் கூடியிருந்து ஒட்டுத்துணிப் போர்வை தைத்தல், வான்கோழி பிடித்தல், வீடு மாறிப்போதல், கிராமத்துக் கலியாணம் என்று தாம் கைப்பட்ட வேலைகளையும் கண்ட காட்சிகளையும் தீட்டினார். தொலைபேசிக் கம்பங்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் அப்படங்களில் இடமில்லை.

பெண்கள் நாள்தோறும் செய்த வேலை, செய்து முடித்த அன்றே மறைந்துபோகும். காய்ச்சிய பாகு தீர்ந்துவிடும்; தோய்த்த உடுப்பு மீண்டும் அழுக்காகும். சரித்திரப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. மறைந்துபோகும் அந்த வேலைகளையே மோசஸ் பாட்டி மறையாமற் செய்தார். அவர் படங்களின் சிறப்பு இதுவே என்பது எமது எண்ணம்.

மருந்துக் கடைக் கண்ணாடியில்

ஊரிலே அவருக்கு எடுத்த எடுப்பிற் புகழ் வந்துவிடவில்லை. ஊர்ச் சந்தைக் கண்காட்சிக்குப் பழப்பாகுகளையும் போத்தலில் அடைத்த பழங்களையும் படங்களையும் சேர்த்து அனுப்பினார். பழப்பாகுக்குப் பரிசு கிடைத்தது. படங்களை எவரும் பொருட்படுத்தவில்லை. அருகிலுள்ள ஹூசிக் போல்ஸ் நகரின் மருந்துக் கடையொன்றில், சில படங்கள் மூன்று டொலர், ஐந்து டொலர் என்ற விலையில் வைக்கப்பட்டிருந்தன.

1938இல் அவ்வழியே வந்த லூயிஸ் கால்டோர் என்னும் பொறியியலாளர் ஒருவர் அவற்றைக் கண்டார். அவர் ஓவியங்களைச் சேகரிப்பவர். அங்கிருந்த படங்கள் அனைத்தையும் வாங்கிக்கொண்டு, தீட்டியவரின் வீட்டைத் தேடிச் சென்றார். பாட்டி வீட்டில் இல்லை. மருமகள், மாமியாரிடம் இன்னும் பத்துப் படங்கள் இருப்பதாகச் சொல்லி, மறுநாள் வரும்படி கேட்டுக்கொண்டார். திரும்பி வந்த பாட்டி தேடிப் பார்த்தபோது ஒன்பதுதான் இருந்தன. வாக்குக் கொடுத்தாயிற்று, ஆகவே பெரிய படமொன்றை இரண்டாக அரிந்து, இரண்டு சட்டங்களில் இட்டுப் பத்தாக்கிவிட்டார்! இதை அவரே தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்துள்ளார்.

கால்டோர் அப்படங்களை நியூயோர்க் நகரத்துக் கலைக்கூடங்களுக்குக் கொண்டுசென்றார். எண்பதை நெருங்கும் ஒருவருக்காகப் பணம் செலவழித்துப் பெயரெடுத்துக் கொடுப்பதில் பலருக்கு விருப்பமில்லை. எனினும் 1939இல் நவீன ஓவிய அருங்காட்சியகத்தில் அறியப்படாத ஓவியர்களுக்காக நடந்த கண்காட்சியில் அவருடைய மூன்று படங்கள் இடம்பெற்றன. பின்னர், வியன்னாவிலிருந்து நாசிகளின் ஆட்சியால் வெளியேறி நியூயோர்க்கில் கலைக்கூடம் திறந்திருந்த ஒட்டோ காலிர் என்பவர் அவற்றின் அருமையை அறிந்தார். 1940 ஒக்ரோபரில், ஒரு கமக்காரப் பெண் தீட்டியவை என்ற பொருளிலே பாட்டியின் முதலாவது தனிக் கண்காட்சி அங்கு நடந்தது. அப்போது அவருக்கு வயது எண்பது. தம் மண்ணை இழந்து வந்த ஒருவரே, மண்ணை மறவாத பெண்ணொருத்தியின் படங்களை முதலில் உலகுக்கு எடுத்துக்காட்டினார் என்பது எம்மைப் போன்றோர் மனத்திற் கொள்ளத்தக்கது.

அதே ஆண்டு நவம்பரில் கிம்பல்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடி அவருடைய படங்களை வைத்து, அவரையும் அழைத்தது. கறுப்புச் சட்டையும் சிறு தொப்பியும் அணிந்து வந்தவர், திரண்டிருந்த மக்களிடம் ஓவியக்கலையைப் பற்றிப் பேசாமல், தாம் பழப்பாகு செய்யும் விதத்தைப் பற்றிப் பேசினார். நகரத்தார் அவரிடம் மனத்தைப் பறிகொடுத்தனர்.

புகழும் அன்றாடமும்

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்வோம். அவருடைய படங்கள் வாழ்த்து மடல்களாகப் பல இலட்சக்கணக்கில் விற்பனையாயின. 1949இல் வொஷிங்ரனில் தேசியப் பெண் பத்திரிகையாளர் கழகத்தின் விருதைப் பெற்றார். ஜனாதிபதி ட்ரூமன் அவருக்காகப் பியானோ வாசித்தார். அதே ஆண்டில் ரசல் சேஜ் கல்லூரியும், 1951இல் பிலடெல்பியாவின் மூர் ஓவியக் கல்லூரியும் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கின. இரண்டும் அக்காலத்திற் பெண்களுக்கான கல்வி நிலையங்களாக இருந்தன என்பதை இங்கு குறிப்பிடுவது தகும். குளிருக்கு உடை இல்லாமற் பள்ளிக்குப் போகாதிருந்த சிறுமியின் தோளிலே, எண்பத்தெட்டாவது வயதிற் பெண்கள் கல்லூரியொன்று பட்டதாரி அங்கியை அணிவித்தது. 1952இல் அவருடைய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 1953இல் ரைம் சஞ்சிகை தன் அட்டையில் அவரை இட்டது.

இவ்வளவுக்கும் நடுவே அவர் ஈகிள் பிரிட்ஜை விட்டுப் போகவில்லை. விருது வாங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். மறுபடியும் பலகைக்கு வெள்ளை பூசினார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில், படுக்கையறை மேசையில், பழைய சுழல் கதிரையில் அமர்ந்து தீட்டினார். 1951இல், படிகள் ஏறி இறங்கத் தேவையில்லாத சிறிய வீடொன்றுக்கு வீதிக்கு அப்பால் மாறினார். படம் வரைந்திருக்காவிட்டால் கோழி வளர்த்திருப்பேன் என்ற கருத்துப்படச் சொல்லுவார். பகட்டுக்காகச் சொன்ன அடக்கம் அன்று அது. வெண்ணெய் கடைந்ததும் படம் தீட்டியதும் அவருக்கு ஒரே வகையான வேலையே: கையால் ஒன்றைச் செய்து, நன்றாகச் செய்து, பிறருக்குக் கொடுப்பது.

அவர் படங்களிலே துன்பம் இல்லை, உலகம் அவ்வளவு இனியதன்று என்று குறை கூறியோரும் உண்டு. தூரக்காட்சி விதிகளையும் நிழல் விழும் முறையையும் அறியாதவர் என்றோரும் உண்டு. இரண்டாவதை அவரே ஒத்துக்கொள்வார். முதலாவதைப் பற்றி நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். ஐந்து குழந்தைகளைப் புதைத்த தாய், கணவனையும் வளர்ந்த மகளையும் இழந்தவர், 1949இல் உடனிருந்த மகனையும் பறிகொடுத்தவர், துன்பம் இன்னதென்று அறியாமலா இருந்திருப்பார்? அறிந்தும், எதை மிச்சமாக விட்டுச் செல்வது என்பதைத் தாமே தெரிந்தெடுத்தார் என்றே கொள்ளவேண்டும். வீட்டையும் ஊரையும் உறவையும் இழந்த எம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். இழந்ததைச் சொல்லி அழுவதற்கும் இடமுண்டு. இருந்தது எப்படி இருந்தது என்று காட்டுவதற்கும் ஒருவர் வேண்டும்.

1960இல் அவருக்கு நூறு வயது நிறைந்தபோது, நியூயோர்க் மாநில ஆளுநர் அந்நாளை மோசஸ் பாட்டியின் நாளாகப் பிரகடனப்படுத்தினார். நூறைக் கடந்தும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. நத்தார் முதல் நாளிரவைப் பற்றிய புகழ்பெற்ற பாடலுக்கு அவ்வயதிலே படங்கள் வரைந்தார். அந்நூல் அவர் மறைவின் பின் வெளிவந்தது. இறுதியாக அவர் தீட்டிய படங்களுள் வானவில் ஒன்றும் உண்டு. 1961 டிசெம்பர் 13ஆம் திகதி, நூற்றொரு வயதில், ஹூசிக் போல்ஸிலே கண் மூடினார். அவர் விட்டுச் சென்றவை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள். 1969இல் அமெரிக்கா அவர் நினைவாக ஆறு சத முத்திரை வெளியிட்டது. ஐந்து டொலருக்கும் வாங்க ஆளில்லாதிருந்தவரின் பாகு காய்ச்சும் படமொன்று, 2006இல் பத்து இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. பென்னிங்ரன் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்கள் பலவற்றுடன், அவர் குடும்பத்தோடு தொடர்புடைய ஒற்றை அறைப் பாடசாலைக் கட்டடமும் பேணப்படுகிறது.

எமக்குரியது

புகழ் வந்தது தற்செயல் என்பதை நாம் மறக்கலாகாது. கால்டோர் வேறு வழியாற் போயிருந்தால் மருந்துக் கடைப் படங்கள் தூசி படிந்து கிடந்திருக்கும். ஆயினும் பாட்டி அடுத்த படத்தைத் தீட்டியிருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை. புகழுக்கு முன்னரே அவருக்குக் கிடைத்தது ஒன்றுண்டு: காலையில் எழும்போது காய்வதற்கு வைத்த பலகை காத்திருக்கிறது என்ற எண்ணம். எழுபதிலும் எண்பதிலும் அதைவிடப் பெரிய செல்வம் எதுவென்று நாம் அறியோம்.

நேரமில்லை என்று முன்பு சொன்னோம். இப்போது வயதாகிவிட்டது என்கிறோம். பழகவில்லை, கை நடுங்குகிறது, பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள் என்கிறோம். இக்காரணங்கள் எல்லாம் ஈகிள் பிரிட்ஜிலும் இருந்தன. எமது பாடசாலையிலே தையற் பாடத்தில் ஊசி பிடித்தோம், சித்திர வகுப்பிலே வர்ணம் தொட்டோம், சங்கீத வகுப்பிலே சுருதி சேர்த்தோம். பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போன பெண்ணுக்குக் கிடைக்காதவை இவை. எங்கோ ஒரு பெட்டிக்குள் அவற்றை மடித்து வைத்திருக்கிறோம்.

ஆகவே எமது சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த காலத்துப் பாடசாலையை, அதன் முன்றிலை, மரநிழலை, மண்டபத்தை, விடுதிச் சாப்பாட்டு மேசையை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். வரைய வராவிட்டால் தைத்துப் பாருங்கள், எழுதிப் பாருங்கள். கோடு கோணலாக வந்தாற் குற்றமில்லை. மோசஸ் பாட்டியின் வீடுகளும் கோணலாகவே நின்றன. உங்கள் வகுப்புத் தோழியர் இருவர் பார்த்து, இது எங்கள் இடம் என்று அறிந்துகொண்டாற் போதும். அடுத்த நூற்றாண்டில் இச்சங்கத்துக்கு வரும் பிள்ளைகள் எம்மைப் பற்றி அறிய விரும்பும்போது, அறிக்கைகளையும் கணக்குகளையும் காட்டிலும் அவைதாம் அவர்களுக்கு எங்கள் நாட்களைக் காட்டும்.